நழுவலும் ஒட்டலும்

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிடித்த மழை சனிக்கிழமையும் விடவில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலமில் கிள்ளான் ஆற்றை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரைமேல் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை மார்கழிப் பௌர்ணமி. கடல் ஏற்றம் மிகும் நாட்கள். கடல் ஏறி நிற்கையில் ஆறு வடிவது எப்படி?

2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட நட்டம் 610 கோடி ரிங்கிட் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது. அதில் வாகனங்களின் பங்கு மட்டும் சுமார் 100 கோடி.

இந்த 100 கோடியில் பெரும்பகுதி முழுகிப்போன கார்களுடையது. அவற்றின் கதை சோகமானது, ஆனால் சிக்கலில்லாதது: இழுவை வண்டி வரும், காப்புறுதிக்காரர் வருவார், கணக்கு முடியும். இந்த அத்தியாயம் முழுகாத கார்களைப் பற்றியது. பாதிச் சக்கரம் வரை தண்ணீரில் இறங்கி, எப்படியோ ஏறி, தானே ஓடி வீடு வந்து சேர்ந்த கார்கள். ‘தப்பிச்சோம்’ என்று ஓட்டியவர் பெருமூச்சு விட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் காலையில் கியர் விழுவதில்லை. அல்லது விழுகிறது, எஞ்சின் கத்துகிறது, கார் நகர்வதில்லை. அல்லது எல்லாம் நன்றாக இருக்கிறது, பத்து நாள் கழித்து மிதியை அழுத்தும்போது ஒரு ஊளைச் சத்தம் கேட்கிறது.

மூன்றுக்கும் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “கிளட்ச் போச்சு.” பல சமயம் அது போயிருக்காது. வெள்ளத்தில் இறங்கிய கிளட்ச்சைச் சோதிக்கும்போது ‘என்ன கோளாறு’ என்பதைவிட முதலில் கேட்க வேண்டியது ‘எப்போது தொடங்கியது’ என்பதுதான். ஏனென்றால் தண்ணீர் அந்தக் கூட்டுக்குள் ஒரே வேலையைச் செய்வதில்லை. முதல் மணி நேரத்தில் அது மசகு. முதல் இரவில் அது துரு. அதன் பிறகு அது விட்டுப்போன சேறு.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எஞ்சினின் பின்புறம் கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்று சுழல்கிறது, அதுதான் ஃப்ளைவீல். அதற்கு எதிரே பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டிய கிளட்ச் தட்டு. சின்னக் கார்களில் ஏறக்குறைய ஒரு சாண் விட்டம். இந்தத் தட்டின் நடுவில் பற்கள் வெட்டிய துளை இருக்கிறது. அது கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டின் பற்களில் கோத்து, முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும். நாம் மிதியைத் தொடாதபோது வட்டமான ஸ்பிரிங் ஒன்று பிரஷர் பிளேட்டை அழுத்தித் தட்டை ஃப்ளைவீலோடு இறுக்கிப் பிடிக்கிறது. மிதித்தால் ஃபோர்க் என்ற நெம்புகோல் தள்ள, ரிலீஸ் பேரிங் முன்னே போய் ஸ்பிரிங்கைத் தள்ளும், பிடி தளரும், தட்டு விடுபடும். அவ்வளவுதான். இந்த இறுகலில் பல் இல்லை, ஆணி இல்லை. எஞ்சினின் பலம் முழுவதும் உராய்வை மட்டுமே நம்பிச் சக்கரத்துக்குப் போகிறது.

எவ்வளவு பலம் போகும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஸ்பிரிங்கின் அழுத்தம் 3,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 300 கிலோ எடை ஏறி உட்கார்ந்த அழுத்தம். காய்ந்த உராய்வுப் பட்டையின் உராய்வுக் குணகம் 0.35. தட்டின் சராசரி ஆரம் 8 சென்டிமீட்டர். உராயும் முகங்கள் இரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 168 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பழைய 1.3 லிட்டர் புரோட்டோன் சாகாவின் எஞ்சின் அதிகபட்சம் தருவது 100-ஐச் சற்றுத் தாண்டும். ஆகவே கைவசம் தாராளமான மிச்சம் இருக்கிறது. இப்போது பட்டை நனைகிறது, குணகம் 0.15-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கும் விசை 72-தான். மெதுவாக ஓட்டினால் கார் ஒழுங்காகப் போகும். மேட்டில் முழு வேகம் கொடுத்தால் எஞ்சின் மட்டும் சுழலும், முள் மேலே ஏறும், கார் ஏறாது. நனைந்த கிளட்ச் சமதரையில் நல்லபிள்ளையாக இருந்து, மேம்பாலத்தில் ஏறும்போது மானத்தை வாங்குவது இதனால்தான்.

தண்ணீர் அந்தக் கூட்டுக்குள் போவது எப்படி? கிளட்ச்சை மூடியிருக்கும் அலுமினியக் கூடு தண்ணீர் புகாத பெட்டி அல்ல. அடியில் எண்ணெய் கசிந்தால் வெளியேற ஒரு துளை, பக்கவாட்டில் கிளட்ச் ஃபோர்க் நுழையும் வாய், அதை மூடும் ரப்பர் உறை. பத்து வருடக் காரில் அந்த ரப்பர் கிழிந்திருக்கும், இல்லாமலும் இருக்கும். தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதியை எட்டும்போது கூட்டின் அடிப்பாகம் ஏற்கெனவே முழுகிவிட்டது. உள்ளே சுழலும் ஃப்ளைவீலின் விளிம்பு அந்தத் தண்ணீரை அள்ளி எல்லாப் பக்கமும் அடிக்கிறது. வெள்ளத்தின் நடுவே பாதிக் கிளட்ச்சில் ஊர்ந்து போகிறவர்கள் இன்னொன்றையும் செய்கிறார்கள்: தட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே இடைவெளியைத் திறந்து, தண்ணீரை உள்ளே வரவேற்கிறார்கள்.

உள்ளே வந்த தண்ணீர் ஏன் உடனே பிதுங்கி வெளியேறுவதில்லை? 300 கிலோ அழுத்தம் இருக்கிறதே? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான். சூடான பொருள்களின் கதிர்வீச்சு விதியில் போல்ட்ஸ்மானோடு சேர்த்துப் பேசப்படும் அதே ஸ்டெஃபான். 1874-இல் அவர் திரவத்துக்குள் வைத்த இரண்டு தட்டையான தகடுகளைப் பிரித்துப் பார்த்து ஆராய்ந்தார். அவர் கண்டது இது: தகடுகளுக்கு இடையே உள்ள திரவப் படலம் மெலிய மெலிய, அது வெளியேறுவதற்கான வழியும் குறுகிக்கொண்டே போகிறது. படலத்தின் தடிமனைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. முதல் தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். கடைசி மைக்ரான்கள்தான் அடம்பிடிக்கும். கிளட்ச் தட்டின் முகத்தில் ஆரம் ஆரமாகக் கோடுகள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேய்ந்த தூளும் ஈரமும் வெளியேற அவை வழிவிடுகின்றன. படலம் பயணிக்க வேண்டிய தூரம் குறைகிறது. தேய்ந்துபோன தட்டில் அந்தக் கோடுகளின் ஆழமும் தேய்ந்திருக்கும். ஒரே வெள்ளத்தில் இறங்கிய இரண்டு கார்களில் ஒன்று நழுவி, மற்றொன்று நழுவாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டெஃபானின் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. மெல்லிய படலத்தைப் பிதுக்குவது எவ்வளவு கடினமோ, அந்தப் படலம் இருக்கும்போது தகடுகளைப் பிரிப்பதும் அவ்வளவு கடினம். ஆகவே நனைந்த கிளட்ச், பிடிக்க வேண்டிய நேரத்தில் நழுவுகிறது. விட வேண்டிய நேரத்தில் சற்றுத் தாமதித்து விடுகிறது. இரண்டும் ஒரே தண்ணீரின் வேலை.

மிச்சப் படலத்தை வெளியேற்றுவது வெப்பம். 900 கிலோ காரை நிற்கும் நிலையிலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கிளட்ச் நழுவ நழுவக் கொண்டுவந்தால், சுமார் 3,500 ஜூல் வெப்பம் தட்டில் பிறக்கிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,550 ஜூல் வேண்டும். பிறக்கும் வெப்பத்தில் பெரும்பகுதியை ஃப்ளைவீலின் இரும்பு குடித்துவிடும் என்பதால், ஒரு தடவை கிளம்பினால் ஒரு கிராம்கூட உலராது. ஆனால் பத்துப் பதினைந்து தடவை மெதுவாகக் கிளம்பி நின்றால், பட்டையில் ஊறியிருந்த ஈரம் பெரும்பாலும் போய்விடும். நழுவலும் அதோடு போய்விட வேண்டும்.

‘மெதுவாக’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிலர் ஒரேயடியாக உலர்த்திவிடலாம் என்று கைப்பிரேக்கைப் போட்டு, பாதி மிதியில் எஞ்சினை உறுமவிடுகிறார்கள். பட்டை ஈரமாக இருக்கும்வரை ஆவியாதல் அதன் வெப்பநிலையை 100 டிகிரியை ஒட்டியே பிடித்து வைத்திருக்கும். ஈரம் தீர்ந்த கணத்தில் அந்தக் காவல் போய்விடும். வெப்பம் குபீரென்று ஏறும். 300 டிகிரியை நெருங்கினால் பட்டையைக் கட்டிப் பிடித்திருக்கும் ரெசின் சிதையத் தொடங்கும், முகம் கண்ணாடியாகப் பளபளக்கும். தண்ணீர் கெடுக்காத தட்டை இப்படித் தீய்த்துக் கெடுத்த கதை ஒவ்வொரு பட்டறையிலும் உண்டு. தீய்ந்த வாடை மூக்கில் ஏறும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

உலர்ந்த பிறகு ஒரு சோதனை போதும். ஆளில்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே முழு வேகமும் கொடுங்கள். எஞ்சின் சுழற்சியும் காரின் வேகமும் சேர்ந்து ஏறினால் தட்டு பிடிக்கிறது. சுழற்சி மட்டும் துள்ளினால் நழுவுகிறது. ஈரம் போன பிறகும் நழுவினால்தான் கவலை: எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது தட்டு ஏற்கெனவே தேய்ந்து முடியும் தறுவாயில் இருந்து, வெள்ளம் அதைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். தட்டில் பட்ட எண்ணெயை எந்த வெயிலும் உலர்த்தாது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. மோட்டார் காரின் ஆரம்ப காலத்தில் கிளட்ச்சின் உராய்வுப் பரப்பு தோல். கூம்பு வடிவ இரும்பின் மேல் போர்த்திய மாட்டுத் தோல். எண்ணெயோ ஈரமோ பட்டு அது வழுக்கினால், ஓட்டுநர் ஒரு டப்பாவிலிருந்து களிமண் பொடியை எடுத்துத் தூவுவார். எண்ணெயை உறிஞ்சும் ஒரு தனி வகைக் களிமண். நம் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டி அதே இனம்தான். தோல் காய்ந்து வெடுக்கென்று பிடித்தால், அதற்கு எண்ணெய் தடவுவார்கள். உராய்வைக் கூட்ட மண், குறைக்க எண்ணெய் என்று கையாலேயே சரிசெய்துகொண்ட காலம் அது. வெள்ளத்து மண்ணும் மண்தானே, கிளட்ச்சுக்கு நல்லதுதானே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த மண்ணைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன் முதல் இரவு. கிள்ளான் பட்டறைகளில் வெள்ளத்துக்கு மறுநாள் காலை இந்தப் பேச்சு வழக்கமாகக் கேட்கும்.

“அண்ணே, ராத்திரி நல்லாத்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். காலையில கியரே விழல. கிரீச்சுன்னு கத்துது.”

“எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாரு தம்பி. விழுதா?”

“விழுது அண்ணே. நாலும் விழுது.”

“அப்ப கியர் பாக்ஸுக்கு ஒண்ணுமில்ல. பிளேட் ஒட்டிக்கிச்சு.”

அரை நிமிடத்தில் முடிந்த இந்த விசாரணை ஒரு முழு இயற்பியல் சோதனை. எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் தடையின்றி விழுந்தால், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பற்களும் கம்பிகளும் சரி. எஞ்சின் ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால், மிதியை மிதித்தும் தட்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. அதாவது கிளட்ச் விடவில்லை. முந்தின இரவு நழுவிய அதே கிளட்ச், காலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒட்டவைத்தது துரு. ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் வர்ணம் பூசாத வார்ப்பிரும்பு, பூசினால் பிடிக்காது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். ஆழமான தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் இரும்புக்கு ஆக்சிஜன் மெதுவாகத்தான் வந்து சேரும். மெல்லிய ஈரப் படலம் போர்த்திய இரும்புக்கோ காற்று பக்கத்திலேயே இருக்கிறது. எனவே வெள்ளத்தில் கிடந்த இரும்பைவிட, வெள்ளத்திலிருந்து ஏறி வந்து, ஈரத்தோடு நிறுத்தி வைத்த இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். சூடான எஞ்சின் மெதுவாக ஆறும் கூடு, காற்றோட்டம் இல்லை, கோலாலம்பூரின் ஈரப்பதமோ இரவில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரும்பு துருவாகும்போது அதன் கனஅளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். பட்டைக்கும் வார்ப்பிரும்புக்கும் நடுவே அது வளர்ந்து, பட்டையின் நுண்துளைகளுக்குள் வேர்விட்டு, இரண்டையும் பிணைத்துவிடும். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இடங்களில் பெரிய கடல் ஏற்றத்தின்போது சாலையில் ஏறும் தண்ணீர் உப்புத் தண்ணீர். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், குளோரைடு இரும்பின் காப்புப் படலத்தைத் துளைக்கும். துரு இன்னும் வேகமெடுக்கும். கிள்ளானில் ஓடிய காரும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓடிய காரும் ஒரே அளவு தண்ணீரில் இறங்கியிருந்தாலும் ஒன்றல்ல.

தட்டுதான் ஒட்டியதா, அல்லது மிதியின் அசைவே உள்ளே போய்ச் சேரவில்லையா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பானட்டைத் திறந்து கியர் பாக்ஸ் மேல் இருக்கும் ஃபோர்க்கைக் கவனிக்கட்டும். ஃபோர்க் முழுதாக அசைகிறது, கியர் விழவில்லை என்றால் கோளாறு கூட்டுக்குள். அது அரைகுறையாக அசைந்தால் கோளாறு வெளியே. பெரோடுவா கன்சில் மாதிரிக் கார்களில் அது துருப்பிடித்த கேபிள். ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் ஆயில் வழியாக வேலை செய்யும் அமைப்பு. அந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். பிரேக்கும் இதே வகை ஆயிலை நம்பித்தான் இருக்கிறது என்பதால், வெள்ளத்துக்குப் பிறகு இதை மாற்றுவதற்கு யோசிக்கவே தேவையில்லை.

ஒட்டிய தட்டை விடுவிக்கப் பட்டறைக்காரர்கள் செய்வது எளிய முரட்டு வைத்தியம். எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, முன்னால் யாரும் இல்லாத திறந்த இடத்தில், இரண்டாவது கியரில் போட்டு, மிதியை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்கிறார்கள். கார் குதித்து ஓடும். அந்த உதறலில் துருப் பிணைப்பு அறுந்தால் தட்டு விடுபடும். வீட்டுப் போர்ச்சில், சுவருக்கு முன்னால், பிள்ளைகள் நிற்கும்போது செய்யக்கூடாத வேலை இது. இரண்டு மூன்று முறை உதறியும் விடவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். மேலும் உதறினால் துருவோடு பட்டையும் பிய்ந்து வரும்.

விடுபட்டாலும் கதை முடிவதில்லை. தண்டின் பற்களிலும் துரு ஏறியிருக்கும். தட்டு வழுக்கிப் பின்வாங்காமல் ஃப்ளைவீலை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ரிவர்ஸ் கியர் உதவும். முன்கியர்களில் வேகத்தைச் சமன்செய்யும் வளையங்கள் இருப்பதால் சின்ன உரசலை அவை மறைத்துவிடும். பெரும்பாலான பழைய கார்களின் ரிவர்ஸில் அந்த வளையம் கிடையாது. மிதியை அழுத்தி மூன்று நான்கு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று கத்தினால் தட்டு இன்னும் சுழல்கிறது என்று பொருள்.

இனி மண். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற இடமே செங்கல் அறுத்த இடம். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அடுத்தடுத்து அழிந்த பிறகு, மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று நிர்வாகம் சொன்னது. கிள்ளான் ஆற்றங்கரையின் களிமண்ணை எடுத்துச் சூளை வைத்த வட்டாரம் இது. ஆற்று வெள்ளம் கொண்டுவருவது தண்ணீரை மட்டுமல்ல, இந்த மாதிரி நுண்ணிய களிமண்ணையும் வண்டலையும்தான். இந்த மண்ணில் நிறைந்திருக்கும் கயோலினைட் என்ற கனிமம் தட்டைத் தட்டையான நுண்செதில்களால் ஆனது. ஈரத்தில் அந்தச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வெறும் தண்ணீரைவிட மோசமான வழுக்கல். காய்ந்தால் பட்டையின் கோடுகளில் அப்பிக்கொள்ளும். கூடவே வரும் குவார்ட்ஸ் மணல் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது; ஒவ்வொரு மிதிப்பிலும் ஃப்ளைவீலின் முகத்தைக் கீறும். முல்தானி மட்டி தூவிய ஓட்டுநருக்குக் கிடைத்த நன்மை இங்கே கிடைக்காததற்குக் காரணம் இந்த மணல்தான். அவர் தூவியது சலித்த பொடி.

மண் காய்ந்து அப்பிய கிளட்ச் முழுதாக நழுவவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது; கிளம்பும்போது நடுங்கும். முதல் கியரில் மிதியை விடும்போது கார் முழுதும் உதறினால், தட்டின் ஒரு பகுதி பிடித்து மறுபகுதி வழுக்குகிறது. ஃபோர்க்கின் ரப்பரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். விரலில் வருவது கறுப்புத் தூள் என்றால் அது தேய்ந்த பட்டை. சாம்பல் கலந்த மஞ்சள் மண் வந்தால் கூட்டை இறக்கிக் கழுவத்தான் வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்ய அனுமதிக்காதீர்கள். பழைய கார்களின் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூளைக் காற்றில் பறக்கவிடுவது அந்தப் பட்டறையில் நிற்கும் எல்லோருடைய நுரையீரலுக்கும் கேடு.

ரிலீஸ் பேரிங்கைக் காதால் கண்டுபிடித்துவிடலாம். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் அதுதான். அதன் கிரீஸைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விட்டது. மாறாக, நியூட்ரலில் மிதியை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்ததும் அடங்கினால், இரைவது கியர் பாக்ஸின் முன் தண்டு பேரிங்.

அந்த இரண்டாவது சத்தம் கேட்கும் காரில் நான் கிளட்ச்சைவிட கியர் ஆயிலைத்தான் முதலில் பார்ப்பேன். கியர் பாக்ஸின் தலையில் மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் இருக்கும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த கியர் பாக்ஸின் உள்காற்று 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அது 30 டிகிரித் தண்ணீரில் இறங்குகிறது. வாயு குளிரும்போது சுருங்கும். தனி வெப்பநிலைக் கணக்கில் 363-லிருந்து 303-க்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. உள்ளே இரண்டு லிட்டர் காற்று இருந்தால் 300 மில்லிலிட்டருக்கு மேல் வெளியிலிருந்து இழுக்கப்படும். மூச்சுத் துவாரமோ, தேய்ந்த எண்ணெய் சீலோ அந்த நேரத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தால், உள்ளே போவது காற்றல்ல. சூடான வண்டியை வெள்ளத்துக்கு முன் சற்று நிறுத்தி ஆறவிட்டு இறக்குவது இதற்காகத்தான். தண்ணீர் கலந்த கியர் ஆயில் தே தாரிக் என்னும் பால் தேநீரின் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் கண்ணில் பட்டால் எஞ்சினைக்கூட ஸ்டார்ட் செய்யாமல் வடித்துவிட வேண்டும். ஒரு முறை வடித்தால் போதாது. புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் வடிக்க வேண்டும்.

இன்று மலேசியச் சாலையில் ஓடும் புதிய கார்களில் பெரும்பாலானவை ஆட்டோ. மூன்றாவது மிதி இல்லை என்பதால் கிளட்ச் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்டோ கியர் பாக்ஸுக்குள் காகித நாரால் செய்த உராய்வுத் தட்டுகள் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கின்றன. அந்த நாருக்கு எண்ணெயைவிடத் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் ஏறினால் நாரை எஃகோடு ஒட்டியிருக்கும் பசை இளகும், பட்டை உரிந்து எண்ணெய்க் குழாய்களை அடைக்கும். இது அன்றே தெரியாது, சில வாரம் கழித்துத் தெரியும். ஆட்டோ காரில் அறிகுறிக்குக் காத்திருப்பதே தவறு. ஆயில் நிறம் மாறியிருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அங்கேயும், 2022 மார்ச் 7 திடீர் வெள்ளத்தில் கோலாலம்பூரிலும் இதே நாடகம்தான். தண்ணீர் வடிந்த முதல் வாரத்தில் பட்டறைகளில் நிற்க இடம் இருப்பதில்லை. அந்த அவசரத்தில், உலர்ந்தாலே சரியாகிவிடும் தட்டுக்குப் பதில் புதுக் கிளட்ச் கிட் விற்கப்படும். உடனே வடிக்க வேண்டிய கியர் ஆயிலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நழுவல் தண்ணீரில் இறங்கிய அன்றே தொடங்கியிருந்தால் கிட் வாங்க அவசரப்படாதீர்கள், இரண்டு நாள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒட்டல் மறுநாள் காலை தொடங்கியிருந்தால் துருவை உடைத்துவிட்டு ரிவர்ஸ் சோதனை செய்யுங்கள். சத்தம் அடுத்த வாரம் தொடங்கியிருந்தால் தயங்காமல் கியர் பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள். அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

வெள்ளத்தில் நனைந்த கார்கள் துடைத்து, வாசனை தெளித்து, பழைய கார் சந்தைக்கும் வருகின்றன. இருக்கைத் துணியை மாற்றலாம், கம்பளத்தைக் கழுவலாம். கிளட்ச் கூட்டின் அடித்துளைக்குள் படிந்த மஞ்சள் வண்டலை யாரும் கழுவுவதில்லை. வாங்கப் போகும் காரை மேலே தூக்கி அந்தத் துளையையும், கியர் ஆயிலில் ஒரு சொட்டையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் கார் வாங்க வேண்டாம்.